ஆசீர் வண்டிக்கு மட்டும் போதுமா?

லாரி ஓட்டுபவர்களுக்கென்று ஒரு திருவிழா உண்டு என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்பெயின் நாட்டில் ஆண்டுதோறும் அப்படி ஒரு விழா நடக்கிறது. பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் விழாவே அது. வழக்கமாக அவருக்குரிய நாள் ஜூலை 25. ஆனால் ஸ்பெயினில் அந்த நாள் நாட்டின் பாதுகாவலரான புனித சந்தியாகப்பருக்கு உரியது. ஆகவே அங்கே ஜூலை 10-ஆம் தேதியிலோ அதை ஒட்டிய விடுமுறை நாளிலோ கிறிஸ்தோபரைக் கொண்டாடுகிறார்கள்.

விழாவன்று லாரிகள் வரிசை கட்டி நிற்கும். முகப்பில் பூக்கள், கொடிகள், தோரணங்கள். ஒரு வண்டியில் புனிதரின் சுரூபம். லாரிகளுக்குப் பின்னால் டாக்சிகளும் பேருந்துகளும் சேர்ந்துகொள்ளும். எல்லா வண்டிகளும் ஒரே சமயத்தில் ஹாரன் முழக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும். பங்குத்தந்தை தெருவோரம் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். திருப்பலியும் உண்டு, சேர்ந்து உண்ணும் விருந்தும் உண்டு. இந்த ஊர்வலத்தில் எந்த லாரியும் சரக்கு ஏற்றி வருவதில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவியும் மக்களும் அமர்ந்திருப்பார்கள்.

இதைப் பற்றி இரண்டு விதமான கருத்துகள் உண்டு. “டீசலை எரித்து, காது செவிடாகும்படி சத்தம் எழுப்பி, இரும்புக்குத் தீர்த்தம் தெளிப்பது ஒரு பக்தியா?” என்று கேட்பவர் ஒரு சாரார். “மந்திரித்தாகி விட்டது, சுரூபமும் கண்ணாடி அருகில் இருக்கிறது, இனி எப்படி ஓட்டினாலும் பயமில்லை” என்று எண்ணுபவர் மற்றொரு சாரார். இரு சாராருமே வண்டியைத்தான் பார்க்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் மனிதரைப் பார்க்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

கிறிஸ்தோபரைப் பற்றி வழங்கும் கதை நமக்குத் தெரிந்ததே. பாலமில்லாத ஆற்றில், அக்கரை செல்வோரைத் தோளில் சுமந்து கடத்திவிட்ட பெரிய உருவம் கொண்டவர் அவர். ஓர் இரவு ஒரு சிறு குழந்தையைச் சுமந்தார். அடிக்கு அடி பாரம் கூடியது. கரையேறிய பின்புதான், தான் சுமந்தது கிறிஸ்துவையே என்று அறிந்தார். ‘கிறிஸ்துவைச் சுமந்தவர்’ என்பதே அவர் பெயரின் பொருள். 1969-இல் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது அவருடைய விழா அதிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அவர் புனிதரே அல்லர் என்று ஆகிவிட்டதாகச் சிலர் சொல்வது தவறு. அந்தந்த நாட்டிலும் மறைமாவட்டத்திலும் அவரைக் கொண்டாடத் தடை ஏதும் இல்லை.

பாரம் சுமந்த ஒருவரைப் பாரம் சுமக்கும் தொழிலாளர் தங்கள் புனிதராகக் கொண்டது பொருத்தம்தானே? நாம் உண்ணும் அரிசியும், நோயாளிக்குரிய மருந்தும், இந்த ஆண்டு மலர் அச்சான காகிதமும் யாரோ ஒருவர் இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வந்தவை. எல்லோருக்காகவும் சுமப்பவரின் பாரத்தைச் சுமப்பவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்காத விழா வெறும் வேடிக்கையே.

அந்த ஊர்வலத்தில் என்னைக் கவர்வது பூவும் கொடியும் அல்ல. ஓட்டுநரின் பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான். நெடுந்தூர லாரி ஓட்டுபவரின் பிள்ளைக்குத் தந்தை என்றால் தொலைபேசியில் வரும் குரல். முதல் நன்மை வாங்கும் நாளிலும், பரிசு வாங்கும் நாளிலும் அவர் வேறொரு சாலையில் இருப்பார். அவர் இல்லாத வீட்டைத் தாங்கி நிற்பவள் ஒரு பெண். பிள்ளையின் காய்ச்சலையும் கடன்காரரையும் அவளே தனியாகச் சமாளிக்கிறாள். விழா நாளில் அவர்கள் அந்த உயரமான இருக்கையில் ஏறி அமரும்போது, தந்தை எங்கே உட்காருகிறார், எங்கே தூங்குகிறார், எதைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கிறார் என்று கண்ணால் காண்கிறார்கள். தெருவில் நிற்பவர்கள் கை தட்டும்போது, தன் தந்தையின் தொழிலை ஊர் மதிக்கிறது என்று பிள்ளை அறிந்துகொள்கிறது. இது சிறிய காரியமா? இதற்காகவே அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆண்டில் ஒரு நாள் குடும்பம் லாரிக்கு வருகிறது. மற்ற நாட்களில் லாரிக்காரர் குடும்பத்துக்கு வர முடிகிறதா? நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

ஐரோப்பாவில் இதற்கென்று சட்டம் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி லாரி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் 2 நாள் மட்டும் 10 மணி நேரம் ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும். ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்ய லாரியிலேயே ‘டேகோகிராஃப்’ என்னும் கருவி இருக்கிறது. இத்தனை இருந்தும், கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து மேற்கே வந்து ஓட்டும் பலர் வாரக்கணக்கில் வீடு காணாமல், லாரியின் முன்னறையிலேயே சமைத்து உண்டு, அங்கேயே உறங்கி வாழ்ந்தார்கள்.

ஆகவே 2020-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். 45 மணி நேர வார ஓய்வை லாரிக்குள் கழிக்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏற்ற, படுக்கையும் கழிப்பறையும் உள்ள தகுந்த இடத்தை முதலாளி தம் செலவில் தர வேண்டும். மேலும், 4 வாரத்துக்கு ஒரு முறையேனும் ஓட்டுநர் வீடு திரும்பும்படி வேலையை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதே சமயத்தில், 8 வாரத்துக்கு ஒரு முறை லாரியும் தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று வேறொரு விதியும் வந்தது. சில நாடுகள் இவற்றை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. லாரி திரும்ப வேண்டும் என்ற விதியை நீக்கியது. ஓட்டுநர் வீடு திரும்ப வழி செய்யும் விதியை நிலைநிறுத்தியது. இரும்பு எங்கே நின்றாலும் சரி, மனிதன் வீட்டுக்குப் போக வேண்டும்! ஒரு மறையுரையில் கேட்க வேண்டிய கருத்தை ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் காண்கிறோம்.

திருச்சபையும் இதை மறந்துவிடவில்லை. 2007-இல் வத்திக்கான் சாலைப் பணி பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றில் முதலாவது, மோசேக்குத் தரப்பட்ட ஐந்தாம் கட்டளையே. வேகமாக ஓட்டி உயிர் பறிப்பது பாவம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் ஜூலை முதல் ஞாயிறைச் சாலைப் பொறுப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கச் செய்கிறார்கள். ஆஸ்திரியாவில் ‘மிவா’ என்னும் கத்தோலிக்க அமைப்பு 1949 முதல் இயங்குகிறது. விபத்தின்றி ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கை நன்றிக் காணிக்கையாகத் தரும்படி அது ஜூலை மாதத்தில் மக்களைக் கேட்கிறது. ஓராண்டில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் 100 யூரோ தருவார். அந்தப் பணம் ஏழை நாடுகளின் மறைபணித் தளங்களுக்கு வாகனங்களாகச் செல்கிறது. ஆசீர் பெற்ற கை பிறருக்குக் கொடுக்கவும் செய்கிறது. இதுவல்லவா விழாவின் பலன்?

நம் நாட்டில் 1961-இல் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அன்றே வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. ஏட்டில் எழுதியதை நெடுஞ்சாலையில் தேடிப் பாருங்கள்! 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். எல்லாம் லாரிகளால் நேர்ந்தவை அல்ல. எல்லாம் தூக்கத்தால் நேர்ந்தவையும் அல்ல. ஆயினும் தூங்காத கண்ணை எந்த மந்திரிப்பும் விழித்திருக்கச் செய்யாது. புதிய வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் அன்றே உரிமையாளர், “இந்த வண்டியை ஓட்டுபவரை உறங்க விடுவேன், வீட்டுக்கு அனுப்புவேன்” என்று பீடத்தின் முன் ஒரு வாக்குறுதியும் கொடுத்தால் அந்த ஆசீர் நிறைவு பெறும்.

“நாங்கள் லாரி முதலாளிகளா? எங்களால் என்ன ஆகும்?” என்று கேட்பீர்கள். தோழியரே, நாளை நம்மில் சிலர் வணிகம் நடத்துவோம், சிலர் சட்டம் படிப்போம், சிலர் ஓட்டுநரின் மனைவியாகவோ, ஏன், ஓட்டுநராகவோ ஆவோம். கேட்ட பொருள் நாளைக் காலையே வேண்டும் என்று நாம் அவசரப்படும்போது, அந்த அவசரத்துக்கு இரவில் விலை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று எண்ணுவோம். ‘படிக்காதவர்’, ‘முரடர்’ என்று லாரிக்காரரை ஏளனமாகப் பேசும் பழக்கத்தை விடுவோம். நம் வகுப்பிலேயே தந்தையின் வரவுக்காகக் காத்திருக்கும் தோழி இருக்கலாம்; அவளை விசாரிப்போம்.

ஸ்பெயின் நாட்டு லாரிகள் இன்னும் பல ஆண்டுகள் ஹாரன் முழக்கிச் செல்லட்டும். பங்குத்தந்தை தாராளமாகத் தீர்த்தம் தெளிக்கட்டும். அந்தத் தீர்த்தத்தின் சில துளிகள், சுமை ஏற்றி அனுப்பும் முதலாளிகள் மீதும், சுமைக்காகக் காத்திருக்கும் நம் மீதும் விழட்டும்.