சாயாத வண்டி வேண்டும்



வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் வாழ்பவர்களுக்கு வெல்டிங் பட்டறை புதிதல்ல. 1500 மெகாவாட் அனல் மின் நிலையமும், துறைமுகமும், தொழிற்சாலைகளும் உள்ள வட்டாரத்தில் பட்டறைகளுக்குக் குறைவேது? அங்கே கறுப்பு நிற ஆக்சிஜன் சிலிண்டரும், மெரூன் நிற அசிட்டிலீன் சிலிண்டரும் ஒரு தள்ளுவண்டியில் நிற்கும். இரண்டையும் வண்டியோடு சேர்த்து ஒரு சங்கிலி கட்டியிருக்கும். அந்தச் சங்கிலி எதற்கு?

ஆக்சிஜன் சிலிண்டர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். குறுக்களவு சுமார் 23 செ.மீ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 72 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு அடிப்பரப்புக்கு வெளியே போனால் பொருள் கவிழ்ந்துவிடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கணக்கின்படி, இந்தச் சிலிண்டர் சுமார் 9 டிகிரி சாய்ந்தாலே விழுந்துவிடும். உள்ளே வாயு, காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. விழும்போது வால்வு முறிந்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சிலிண்டரே ராக்கெட்டாகப் பாயும். ஆகவேதான் சிலிண்டர்களைக் கூடியவரை உறுதியான தள்ளுவண்டிகளில் வைத்தே நகர்த்த வேண்டும் என்று வாயு சிலிண்டர் விதிகள் (2016) கூறுகின்றன.

பட்டறைக்கு விதி இருக்கிறது. மருத்துவமனைக்கும் இருக்கிறது. வடசென்னையின் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைகளில் எக்ஸ்ரே கருவி முதலானவை சக்கரங்களில் உருண்டு வார்டு வார்டாகப் போகின்றன. மருத்துவ மின்கருவிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13450. பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 60601-ஐத் தழுவியது இது. எடுத்துச் செல்லும் நிலையில் கருவியை 10 டிகிரி சாய்தளத்தில் நிறுத்தினாலும் அது கவிழக் கூடாது என்பது இதிலுள்ள சோதனைகளுள் ஒன்று.

சரி, உங்கள் பள்ளிக்கு? இன்று பல பள்ளிகளில் பெரிய திரைப்பலகைகள் வந்துவிட்டன. சில சுவரில் மாட்டப்பட்டுள்ளன. சில சக்கரம் வைத்த தாங்கியில் நிற்கின்றன. 65 அங்குலத் திரைப்பலகை ஒன்றே 40 கிலோ அளவு இருக்கும். தாங்கியோடு சேர்த்து 60 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் 120 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 40 செ.மீ. என்றும் கொள்வோம். பாதி இடைவெளியான 20-ஐ 120-ஆல் வகுத்தால் 0.167. இதை டேஞ்சன்ட்டாக உடைய கோணம் ஏறக்குறைய 9.5 டிகிரி. மருத்துவமனைச் சோதனையில் இந்த வண்டி தேறாது!

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். சக்கரம் வாசற்படியில் தடுக்கி நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு மாணவன் 150 செ.மீ. உயரத்தில் கைவைத்துத் தள்ளுகிறான். வண்டியைக் கவிழ்க்க எவ்வளவு விசை வேண்டும்? 60 × 20 ÷ 150 = 8 கிலோ எடைக்குச் சமமான விசை. ஓர் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு அது பெரிய காரியமா?

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. அமெரிக்கப் பள்ளிகளில் உயரமான தொலைக்காட்சி வண்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றிப் பள்ளிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய உயர வண்டிகளுக்கென்றே யூ.எல். 1667 என்னும் தரநிலையும் அங்கே உண்டு.

"ஜாக்கிரதையாகத் தள்ளினால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது என்பதே என் கருத்து. மனிதனின் கவனம் களைத்துப் போகும். மணி அடித்ததும் அவசரப்படும். அகலமான அடித்தளம் களைப்பதில்லை, அவசரப்படுவதும் இல்லை. காசிமேட்டில் ஓடும் மீன்பாடி வண்டியைப் பாருங்கள். பாரம் ஏற்றும் தட்டு தாழ்வாக, இரு சக்கரங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது. அதை அமைத்தவர்கள் தரநிலைப் புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டியதில்லை. பாரம் கீழே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வண்டியை அகலமாக்கினால் வகுப்பறைக் கதவுக்குள் நுழையாதே!" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அகலப்படுத்த இடமில்லையா? ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்குங்கள். நாம் கணக்கிட்ட அதே வண்டியின் அடித்தட்டில், தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில், 20 கிலோ பாட்டரியை வைத்துக் கட்டினால், மையம் 120-லிருந்து 95 செ.மீ.க்கு இறங்கிவிடும். கவிழும் கோணம் சுமார் 12 டிகிரி ஆகிவிடும். அகலம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை!

10 டிகிரிச் சோதனையை ஓர் எளிய விதியாக நினைவில் வையுங்கள்: சக்கரங்களின் இடைவெளி, ஈர்ப்பு மைய உயரத்தில் 100-க்கு 36 பங்காவது இருக்க வேண்டும். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுழலும் சக்கரங்கள் உட்பக்கம் திரும்பினால் தரையைத் தொடும் புள்ளிகள் நெருங்கிவிடும். அந்த மோசமான நிலையில்தான் இடைவெளியை அளக்க வேண்டும். உண்மையான வண்டியை ஒருபோதும் சாய்த்துப் பார்க்காதீர்கள்! ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு நாணயத்தை ஒட்டி, அட்டையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பிறகு நாணயத்தை அடியில் ஒட்டிப் பாருங்கள். வேறுபாடு விளங்கும்.

பள்ளிக்குத் தாங்கி வண்டி வாங்குவோர், விலையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "முழுப் பாரத்தோடு 10 டிகிரி சாய்தளத்தில் இது நிற்குமா? சோதித்ததை எழுதித் தருவீர்களா?" எழுதித் தராத வண்டி பள்ளிக்குள் வரக் கூடாது. இதைச் சட்டம் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை; தலைமையாசிரியரின் கொள்முதல் கடிதமே கேட்கலாம். ஏற்கெனவே இருக்கும் வண்டிகளை நீங்களும் உங்கள் அறிவியல் ஆசிரியரும் ஒரு நாடாவும் ஒரு தாளும் கொண்டு அளந்து கணக்கிடலாம். தேறாத வண்டியைப் பெரியவர்கள் சுவரோடு பிணைக்கட்டும். பட்டறைச் சிலிண்டருக்கு ஒரு சங்கிலி உண்டென்றால், நம் வகுப்பறைக்கு அது இல்லாமல் போகலாமா?