மழை வருமா, வராதா?

கோடை விடுமுறை. மாலை நான்கு மணி. மட்டையும் பந்துமாக மைதானத்துக்குக் கிளம்புகிறீர்கள். அப்போது தொலைக்காட்சியில் ஒரு செய்தி...

'உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு உள்ளது.'

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா சிரிக்கிறார். 'இவங்க மழைன்னு சொன்னா வெயில்தான் அடிக்கும். நீ போய் விளையாடுடா!'

தாத்தா சொன்னது போலவே அன்று உங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால், மறுநாள் காலையில்தான் தெரிகிறது... பக்கத்து ஊரில் ஆலங்கட்டியுடன் கொட்டித் தீர்த்திருக்கிறது. குலை தள்ளிய வாழைகள் ஒடிந்து கிடக்கின்றன.

அப்படியானால் வானிலை அறிவிப்பு சரியா, தவறா? சரிதான் குட்டீஸ்! அதை எப்படிப் புரிந்து கொள்வது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

'ஓரிரு இடம்' என்றால் என்ன?

வானிலைத் துறை ஒவ்வொரு சொல்லையும் அளந்துதான் பயன்படுத்துகிறது. ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்கள் 100 இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவற்றில் 25 அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை பெய்யும் என்றால், 'ஓரிரு இடங்களில்' என்பார்கள். 26 முதல் 50 வரை என்றால் 'ஒரு சில இடங்களில்'. 51 முதல் 75 வரை 'பல இடங்களில்'. அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'.

அதாவது, 'ஓரிரு இடங்களில் மழை' என்று சொல்லும்போதே, முக்கால்வாசி இடங்களில் மழை இருக்காது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். தாத்தாவின் ஊர் அன்று அந்த முக்கால்வாசியில் இருந்தது. அவ்வளவுதான்!

ஊர் பெயரைச் சொல்ல முடியாதா?

புயல் என்பது பல நூறு கிலோமீட்டர் அகலம் உள்ள பெரிய சுழல். கடலில் நாள் கணக்கில் நகர்ந்து வரும். செயற்கைக்கோள் அதைப் பின்தொடர்ந்து கொண்டே இருக்கும். கோடை இடிமேகம் அப்படி அல்ல. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். பிற்பகலில் பிறந்து, ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும்.

அது எப்படிப் பிறக்கிறது? சேலம், தர்மபுரி, ஈரோடு, திருச்சி, வேலூர் போன்ற உள் மாவட்டங்களில், காலையிலிருந்து வெயில் நிலத்தைக் காய்ச்சுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று சூடாகி, எடை குறைந்து, மேலே கிளம்புகிறது. சூடு மட்டும் இருந்தால் மழை வராது, ஈரமும் வேண்டும். அதை வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று கொண்டு வருகிறது. இந்தக் காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் சந்திக்கும் இடத்தில், ஈரக்காற்று வேகமாக மேலே தள்ளப்படுகிறது. அங்கே அது குளிர்ந்து மேகமாகிறது. பூக்கோசு போலக் குவிந்து குவிந்து, 10 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வரை வளர்கிறது.

அடுப்பில் சோற்றுப் பானை இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும் என்று அம்மாவால் சொல்ல முடியும். ஆனால், முதல் குமிழி எந்த இடத்தில் கிளம்பும் என்று சொல்ல முடியுமா? கோடை மழையும் அப்படித்தான்.

மூன்று படிகள்

அதனால், வானிலைத் துறையினர் படிப்படியாக நெருங்கி வருகின்றனர்.

முதல் படி, பருவ முன்னோட்டம். கோடைக்கு முன்பே, வெயில் இயல்பை விடக் கூடுமா, குறையுமா என்று சொல்வார்கள். சமவெளியில் 40 டிகிரி செல்சியசை எட்டி, இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடினால் அது வெப்ப அலை. 2024 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு, வேலூர், கரூர் பரமத்தி ஆகிய ஊர்களில் வெயில் 108 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. அதே மாத நடுவில் மழை கொட்டி, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளமே வந்தது! 2025ல் தென்மேற்குப் பருவமழை, வழக்கத்தை விட ஒரு வாரம் முந்தி மே 24ம் தேதியே கேரளாவில் தொடங்கியது. ஆக, முன்னோட்டம் என்பது மொத்தப் பருவத்துக்கானது. ஒரு நாளுக்கானது அல்ல.

இரண்டாம் படி, அடுத்த சில நாட்களுக்கான அறிவிப்பு. எந்தெந்த மாவட்டத்தில் மழைக்கு வாய்ப்பு என்று இதில் தெரியும்.

மூன்றாம் படி, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு. சென்னை, காரைக்கால் போன்ற இடங்களில் உள்ள டாப்ளர் ரேடார், மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டிக் கொண்டே இருக்கும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்ற கைப்பேசிச் செயலி, நாம் இருக்கும் இடத்துக்கு அருகே மின்னல் அபாயம் இருந்தால் எச்சரிக்கும்.

இதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது குட்டீஸ். அது நீங்கள்தான்! உங்கள் மைதானத்துக்கு மேலே இருக்கும் வானத்தை, அந்த நிமிடத்தில் பார்க்கக் கூடியவர் நீங்கள் மட்டும்தானே?

விளையாட்டல்ல!

மேகத்தின் உள்ளே பனித் துகள்கள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. அதனால் மேகத்தின் மேல் பகுதியில் ஒரு வகை மின்னேற்றமும், கீழ்ப் பகுதியில் இன்னொரு வகை மின்னேற்றமும் சேர்கின்றன. அளவு மீறும்போது பாய்வதுதான் மின்னல். அது பாயும் பாதையில் காற்று சுமார் 30 ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பை விட ஐந்து மடங்கு! அந்தக் காற்று படாரென விரியும் ஓசைதான் இடி.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். வயலில் வேலை செய்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள்... இப்படி வெட்டவெளியில் சிக்கிக் கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

எண்ணத் தெரியுமா?

மின்னல் வெட்டியதும், 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நொடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுங்கள். மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரிந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும் என்பதே காரணம்.

* 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுங்கள். மழை இன்னும் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

* மரத்தடி, தகரக் கொட்டகை, மின்கம்பம், கம்பி வேலி பக்கம் போகாதீர்கள். கிணறு, குளத்தில் குளித்தால் உடனே கரையேறுங்கள்.

* அருகில் கட்டடம் இல்லையா? கதவு, ஜன்னல் மூடிய கார் அல்லது பேருந்து நல்லது.

* கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

* மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்காது. பயப்படாமல் தொடலாம். பெரியவர்களைக் கூப்பிட்டு, உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த முறை தாத்தா சிரித்தால், 'நாலு ஊர்ல ஒரு ஊருக்குத்தான் மழைன்னு சொன்னாங்க தாத்தா... அந்த ஒரு ஊரு நம்ம ஊரா இருந்தா?' என்று கேளுங்கள். பிறகு மைதானத்துக்குப் போய் நன்றாக ஆடுங்கள். காதை மட்டும் இடிப் பக்கம் வைத்திருங்கள்!