வெளிப்படையாகவா, பகிரங்கமாகவா?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், ‘ஓப்பன்லி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டான். ‘வெளிப்படையாக’ என்றேன். “பகிரங்கமாக இல்லையா, சார்?” என்றாள் பக்கத்து மேசை மாணவி.

இருவருக்கும் விடை சரியே. அந்த ஆங்கிலச் சொல், மனத்தில் உள்ளதை மறைக்காமல் கூறுவதையும் குறிக்கும். பலர் அறியச் செய்வதையும் குறிக்கும். தமிழோ இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. ‘வெளிப்படையாக’ என்றால் ஒளிவுமறைவின்றி. கேட்பவர் ஒருவர் மட்டுமே இருந்தாலும் போதும். ‘பகிரங்கமாக’ என்றால் பலர் முன்னிலையில். ‘பகிரங்கம்’ வடசொல், அதன் எதிர்ச்சொல் ‘அந்தரங்கம்’.

“தாயிடம் தன் தவற்றை வெளிப்படையாகச் சொன்னான்”, “தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்” என்னும் வாக்கியங்களில் சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். நம் பிள்ளைகள் படிக்கும் மலாய்மொழியிலும் ‘தெருஸ் தெராங்’ வேறு, ‘தெராங்-தெராங்கான்’ வேறு. இரண்டுக்கும் வேர், வெளிச்சத்தைக் குறிக்கும் ‘தெராங்’ என்னும் ஒரே சொல்தான்.

ஆனால் இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் வீடுகளிலும் ‘ஓப்பனா சொல்லு’ என்பதே வழக்காகிவிட்டது. பிறமொழிச் சொல் கலந்தது மட்டும் என் கவலையன்று. நம்மிடம் இருந்த ஒரு வேறுபாடு அதனால் மறைகிறது. அதற்கு நானே சான்று.

பெற்றோர் சந்திப்பு நாளொன்றில் ஒரு தாய், “ஓப்பனாவே சொல்லுங்க சார், பையன் எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டார். அவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான் என்று அங்கேயே சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர் அனைவரும் கேட்டனர். மாணவன் தலைகுனிந்தான். அதன்பின் பல வாரங்கள் வகுப்பில் அவன் வாய்விட்டு வாசிக்கவே இல்லை.

அந்தத் தாய் கேட்டது வெளிப்படையான விடையை. நான் தந்ததோ பகிரங்கமான விடை. சொன்னது உண்மைதான்; சொன்ன இடம்தான் தவறு.

தவறு செய்யும் நண்பனை இடித்துரைப்பதே நட்பு என்று வள்ளுவர் ‘நட்பு’ அதிகாரத்தில் கூறுகிறார். ஊர் கூட்டி உரைக்கும்படி அவர் கூறவில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளைகளின் குறையைப் பேசும்போது வெளிப்படையாகவே பேசுவோம். மூடி மறைத்தால் குறை வளரும். ஆனால் அதனைத் தனியே அழைத்துச் சொல்வோம். பாராட்டை மட்டும் பகிரங்கமாக வழங்குவோம். அகராதியில் இருக்கும் இந்த வேறுபாடு நம் வகுப்பறையிலும் வீட்டிலும் இருக்கட்டும்.