வலியும் வலியுற்றவரும்

எங்கள் தெருவில் நெடுநாளாக நோயுற்றிருக்கும் பெரியவர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். கூடத்தில் பத்துப் பேர் அமர்ந்திருந்தனர். மருத்துவச் செலவு பற்றியும் வெயிலின் கொடுமை பற்றியும் பேச்சு நடந்தது. நோயின் பெயர் மட்டும் தாழ்ந்த குரலில் உச்சரிக்கப்பட்டது. உள்ளறைக்குச் சென்றேன். படுக்கையில் இருந்தவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், எனக்கு வந்திருப்பது என்னவென்று உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார். மறுமொழி கூற இயலாமல் திரும்பினேன். அன்றிரவு நான் நினைத்துக்கொண்டது கோழிக்கோட்டு மருத்துவப் பேராசிரியர் ஒருவரை.

டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 1947-இல் பிறந்தவர். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறைப் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கியவர். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளி வலியுணராதிருக்கச் செய்வதே அத்துறையின் பணி. நரம்பில் ஊசி செலுத்தி வலியைத் தடுக்கும் முறையிலும் அவர் தேர்ந்தவர்.

ஒருநாள் புற்றுநோயால் துன்புற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவரிடம் அனுப்பப்பட்டார். பேராசிரியர் ஊசி செலுத்தினார், வலி அகன்றது. நோயாளி மகிழ்ந்து, மீண்டும் எப்போது வரவேண்டும் என வினவினார். சிகிச்சை வெற்றி பெற்ற நிறைவில், இனி வரவேண்டிய அவசியமில்லை என்று பேராசிரியர் கூறிவிட்டார். அந்த மனிதர் வீடு திரும்பித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் நோய் தீராதது என்பதை அதுவரை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. 'இனி வரவேண்டாம்' என்ற சொல்லிலிருந்தே அதை அவர் உணர்ந்துகொண்டார். ஒரு நரம்புக்கு மருத்துவம் செய்துவிட்டு மனிதனைப் பாராமல் விட்டுவிட்டேன் என்ற பொருளில் ராஜகோபால் இதனைப் பலமுறை வெளிப்படையாகக் கூறியுள்ளார். தம் பிழையை மறைக்காமல், அதையே பாடமாக்கிக்கொண்ட அவருடைய நேர்மை பாராட்டுதற்குரியது.

1993-ஆம் ஆண்டு அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும், மருத்துவரல்லாத அசோக்குமார் என்பாரும் சேர்ந்து, வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான சங்கத்தைக் கோழிக்கோட்டில் தோற்றுவித்தனர். குணப்படுத்த இயலாத நோயாளியின் உடல் வலி, மனக்கலக்கம், குடும்பத்தின் வறுமை ஆகிய அனைத்தையும் ஒருங்கே கவனிப்பதே இச்சிகிச்சையின் நோக்கம். நோயைத் தீர்க்க முடியாதபோதும் நோயாளிக்குச் செய்யவேண்டியது மிகுதியாக உண்டு என்பதே இதன் அடிப்படை.

இவ்வழியில் பெருந்தடை ஒன்று இருந்தது. கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழியே கொடுக்கத்தக்க மருந்து மார்ஃபின். மிதமான வலிக்கு எளிய மருந்து, கடும் வலிக்கு மார்ஃபின், அதுவும் வலி வந்த பின்னர் அன்றிக் குறித்த நேரம் தவறாமல் என்ற படிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. ஆனால், அதற்கு முந்திய ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையானதாக இருந்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபினை வாங்கப் பல உரிமங்கள் பெறவேண்டியிருந்தது. அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லத்தக்கனவாக இருக்கவேண்டியிருந்தது. மருத்துவமனைகள் அஞ்சி ஒதுங்கின. அபின் விளையும் நாட்டிலேயே நோயாளிகள் வலியில் கதறினர். 2003-இல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' என்னும் அமைப்பை நிறுவினார். அவரும் அவர்தம் தோழர்களும் நெடுங்காலம் முயன்றதன் பயனாக 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, மருத்துவத் தேவைக்கான வழியை எளிதாக்கியது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மார்ஃபின் என்றதும், 'போதை மருந்தாயிற்றே, பழகிவிடுமே' என நம் இல்லங்களில் அஞ்சுவர். மருத்துவர் மேற்பார்வையில், வலியின் அளவறிந்து கொடுக்கப்படும் மருந்து வேறு. இன்பத்திற்காக நாடும் போதை வேறு. அச்சத்தால் மருந்தை மறுத்தால் அதன் விலையைச் செலுத்துபவர் படுக்கையில் கிடப்பவரே.

இப்பணியின் மற்றொரு சிறப்பை மலப்புறம் மாவட்டத்தில் காணலாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அம்மாவட்டத்தில் வணிகரும் ஆசிரியரும் கூலித் தொழிலாளரும் மாணவரும் பயிற்சி பெற்றுத் தம் பகுதி நோயாளிகளின் இல்லங்களுக்கு முறைவைத்துச் சென்றனர். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டினார். தொண்டர் அருகமர்ந்து பேச்சைக் கேட்டார். அக்குடும்பத்திற்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பாடநூலும் சென்றன. செலவில் பெரும்பகுதி சாமானியர் அளித்த சிறுதொகைகளால் ஈடுசெய்யப்பட்டது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது.

நோயாளியைக் காணச் செல்வதை நம் மக்கள் கடமையாகவே போற்றுகின்றனர். ஆனால் சென்று என்ன செய்கிறோம்? கூடத்தில் அமர்ந்து, பழம் வைத்துவிட்டுத் திரும்புகிறோம். வலி எப்படி இருக்கிறது, உறங்கினீர்களா, மனத்தில் என்ன கவலை என்று கேட்போர் எத்தனை பேர்? அவரிடம் உண்மையை மறைப்பதை அன்பு என எண்ணுகிறோம். அவரோ எல்லாவற்றையும் உணர்ந்தும், பேச ஆளின்றித் தனித்திருக்கிறார். அதற்காக, கேளாதவர் மீது உண்மையைத் திணித்தலும் தகாது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அறிந்து, மெல்லச் சொல்லி, சொன்னபின் அகலாமல் உடனிருத்தலே முறை.

மறுவாரம் அப்பெரியவரின் மூத்த மகனிடம் இவற்றைக் கூறினேன். முதலில் அவர் கண்கலங்கி மறுத்தார். பின்னர் மருத்துவரையும் உடன்வைத்துக்கொண்டு தந்தையிடம் பேசினார். பெரியவர் சற்றுநேரம் மௌனமாக இருந்தாராம். பிறகு அலமாரியிலிருந்த கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, யார் யாருக்குத் தாம் கடன்பட்டிருக்கிறார் என்பதை ஒவ்வொன்றாக எழுதவைத்தாராம். நாம் வாய்திறவாமல் இருந்திருந்தால், அந்தப் புத்தகம் அலமாரியிலேயே இருந்திருக்கும்.