பேரப்பிள்ளையின் விஷாதம்

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில், ஔஷதகிரியின் மேல் எழுந்தருளியிருக்கும் ஹயக்ரீவரைப் பொதுத்தேர்வுக் காலத்தில் சேவித்தவர்கள் அக்காட்சியை அறிவார்கள். பேனாக்களும் தேர்வு நுழைவுச்சீட்டுகளும் எம்பெருமான் திருவடியில் வைக்கப்படுகின்றன. சென்ற ஆண்டு அடியேனுக்கு முன் நின்ற பெரியவர், பேரனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "ஐந்நூற்றுத் தொண்ணூறுக்குக் குறையக் கூடாது, பெருமாளே" என்று உரக்க வேண்டிக்கொண்டார். படியிறங்குகையில் அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டான்: "தாத்தா, குறைஞ்சுட்டா பெருமாள் கோபிச்சுப்பாரா?" பெரியவர் சிரித்தார். "நீ படிச்சா ஏன்டா குறையப் போறது?"

அன்பான பதில்தான். ஆனால் பிள்ளை கேட்டது அதுவன்று.

வீடு திரும்பியபின் கீதையின் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். அர்ஜுனனுக்கு அங்கங்கள் சோர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீவம் கை நழுவுகிறது, மனம் சுழல்கிறது. தேர்வு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமரும் பிள்ளைக்கும் ஏறக்குறைய இவையே நேர்கின்றன. நாம் அதைச் சோம்பல் என்கிறோம். வியாசரோ அந்தத் துயரத்திற்கும் யோகம் என்றே பெயர் சூட்டினார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அர்ஜுனன் தன் துயரமெல்லாம் கொட்டித் தீர்த்து, வில்லை எறிந்து தேர்த்தட்டில் அமரும்வரை, பகவான் குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் கடிந்துகொள்கிறார், உண்மைதான். ஆனால் அதன் பின்னும் அர்ஜுனன் போரிடேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். உபதேசம் தொடங்குவது புன்முறுவலோடு. நாமோ பிள்ளை வாய் திறக்குமுன்பே பதினெட்டு அத்தியாயங்களையும் சொல்லி முடித்துவிடுகிறோம்!

நேர்த்திக்கடன் பற்றியும் ஒரு வார்த்தை. "நீ நல்ல மதிப்பெண் எடுத்தால் பழனியில் முடி காணிக்கை செலுத்துகிறேன்" என்று பிள்ளையின் காதுபட நேர்ந்துகொண்டால், அந்தக் கடன் அவன் தலையில் ஏறுகிறது. நேர்ந்துகொள்வது நம் உரிமை. அது நமக்கும் ஆண்டவனுக்கும் இடையே இருக்கட்டும். மாநில முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் அது இன்னும் வெளியாகிக்கொண்டுதான் இருக்கிறது. பிளஸ் டூவில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதை முடிவு வந்தபின் ஆறுதலாகச் சொல்வதைவிட, முன்பே பேச்சுவாக்கில் சொல்லிவைப்பது நலம்.

தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவர்கள் நாம்தாம். உறக்கம் கெடுவதும், உணவு குறைவதும், விளையாட்டை விட்டு அறைக்குள் ஒடுங்குவதும் முதலில் நம் கண்ணில்தான் படும். இவை வாரக்கணக்கில் நீடித்தால் திருஷ்டி கழிப்பதோடு நின்றுவிடாதீர்கள். பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். "நான் எல்லாருக்கும் பாரம்" என்பது போன்ற சொல் காதில் விழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அவ்வாறு நேர்வதில்லை, மனம் திறக்கவே அது உதவும் என்கிறார்கள் மனநல மருத்துவர்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, கவலைப்படும் தாத்தா பாட்டியும் அழைக்கலாம். அடியேன் அந்த எண்ணைப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டும் பேத்தியோடு ஔஷதகிரிக்குச் செல்ல எண்ணம். பெயரும் நட்சத்திரமும் சொல்வேன். எண் எதுவும் சொல்வதாக இல்லை.