குழாயைத் திறக்கும்போது

தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்தால் கோயிலுக்குச் சென்று அர்ச்சனை செய்கிறோம். நோய் குணமானால் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். பெரிய நன்மைகளுக்கு நன்றி சொல்ல யாரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால், காலையில் பல் துலக்கக் குழாயைத் திறக்கிறோமே, அப்போது இறைவனின் கருணையை நினைப்பவர் நம்மில் எத்தனை பேர்?

"தண்ணீருக்குத்தான் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோமே! பிறகு நன்றி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிங்கப்பூருக்குத் தண்ணீர் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. உள்ளூர் நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து வரும் நீர், பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கிப் பெறும் புதுநீர், உப்பு நீக்கிய கடல்நீர் ஆகிய அனைத்துக்கும் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்களே. ஆனால், நீர்த்தேக்கத்தைக் கட்டத் தெரிந்த மனிதனால், அதை நிரப்பும் மழையை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிவதில்லை.

1963-ஆம் ஆண்டில் இங்கே கடும் வறட்சி ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை, ஏறத்தாழ 10 மாதங்களுக்குத் தண்ணீர் பங்கீடு நடைமுறையில் இருந்தது. மக்கள் வாளிகளில் நீரைப் பிடித்துவைத்துப் பயன்படுத்தினர். அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது மறக்கவில்லை. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வறட்சி வந்தது. புல்வெளிகள் காய்ந்து பழுப்பேறின. ஆனால், புதுநீரும் கடல்நீரும் கைகொடுத்ததால் குழாய்களில் நீர் நிற்கவில்லை. உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அந்த வறட்சியே நினைவிருக்காது. வசதி பெருகும்போது நன்றி மறந்துபோகிறது என்பதே என் கவலை. காற்பந்துப் போட்டி தடைபட்டால் மட்டும் மழையைத் திட்டுவதற்கு நாம் மறப்பதில்லை!

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்புதான். இறைவனை வணங்கிய கையோடு மழையைப் போற்றுகிறார் வள்ளுவர். தமிழ் முஸ்லிம்கள் மழையை 'ரஹ்மத்' என்பார்கள். இறையருள் என்பது அதன் பொருள்.

நன்றி வாய்ச்சொல்லோடு நின்றுவிட்டால் போதாது என்பது என் கருத்து. தொழுகைக்கு முன் கைகால்களைக் கழுவும்போது, ஓடும் ஆற்றின் அருகில் இருந்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று இஸ்லாமியர்கள் கற்பிக்கிறார்கள். ஆற்றில் நீர் குறைந்துவிடும் என்ற அச்சமா அதற்குக் காரணம்? இல்லை. கொடுத்தவன்மீது உள்ள மரியாதை அது. அரிசி கழுவிய நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றும் பாட்டிமார் நம் அடுக்குமாடி வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அதனால் மாதக் கட்டணம் பெரிதாகக் குறையாது என்பது அவர்களுக்கும் தெரியும்.