பாம்பு டிக்கெட் எடுத்து வரலைங்க

நேத்து ராத்திரி டிவில "தீவை விழுங்கிய கொலைகாரப் பாம்பு"ன்னு ஒரு நிகழ்ச்சி. பின்னணில திகில் மியூசிக் வேற. பார்த்து முடிச்சதும் செம கடுப்பு. அதான் இந்தப் பதிவு.

தீவு, குவாம். பசிபிக்ல அமெரிக்கா வசம் இருக்கற குட்டித் தீவு. பாம்பு, பழுப்பு மரப்பாம்பு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட, பப்புவா நியூகினி பக்கம் மானுஸ் தீவுல இருந்து வந்த ராணுவச் சரக்குக்குள்ள சுருண்டு படுத்து வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் குவாம்ல இருந்தது மண்புழு சைசுல ஒரு குருட்டுப் பாம்பு மட்டும்தான். மரமேறி முட்டையைத் திருடற ஆசாமியை அந்த ஊர்ப் பறவைங்க பார்த்ததே இல்ல. விளைவு? காட்டுப் பறவை 12 வகைல 10 காலி. குவாம் ஈப்பிடிப்பான் உலகத்துலயே இல்லை. சிஹெக்னு ஒரு மீன்கொத்தி, 1988க்கு அப்புறம் காட்டுல கிடையாது. கூண்டுல வளர்த்துக் காப்பாத்தின வம்சத்துல ஒன்பதை 2024ல பால்மைரா தீவுல கொண்டு போய் விட்டாங்க. சொந்த ஊர்ல விட முடியாது, பாம்பு இன்னும் அங்கயேதான் இருக்கு.

பறவைங்க குறைய ஆரம்பிச்சப்போ பூச்சிமருந்தா, நோயான்னு சந்தேகப்பட்டுட்டு இருந்தாங்க. பாம்புதான்னு ஜூலி சாவிட்ஜ் ஆதாரத்தோட எழுதினது 1987ல! இப்ப பறவை இல்லாத காட்டுல மழைக்காலத்துல பக்கத்துத் தீவுகளை விட 40 மடங்கு வரைக்கும் சிலந்தி. பாம்பு கரண்ட் கம்பில ஏறி ஊரே இருட்டாகறது தனிக்கதை.

சரி, இதுல கொலைகாரன் யாரு? பாம்புக்குப் பசிச்சது, தின்னுச்சு. அது என்ன விசா வாங்கிட்டா வந்தது? சரக்கை ஏத்தினவன், இறக்கினவன் பேரு அந்த நிகழ்ச்சில ஒரு வரி கூட வரலை.

"போர்க்காலம்யா, பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம்?"னு கேப்பீங்க. ஒத்துக்கறேன். ஆனா ஸ்பெயினோட இபிசா தீவுல எந்தப் போர் நடந்தது? பணக்கார வீட்டுத் தோட்டத்துல அழகுக்கு நிக்க வைக்க, பெரிய நிலப்பரப்புல இருந்து பழைய ஆலிவ் மரங்களை வேரோட பேத்துக் கொண்டு வந்தாங்க. மரப்பொந்துக்குள்ள குதிரைலாடப் பாம்பு. அங்க பாம்பு தென்பட்டது 2003ல, அதாவது குவாம் கதை ஊருக்கே தெரிஞ்ச பிறகு. இப்ப அந்தத் தீவுக்கே சொந்தமான பல்லி இடம் இடமா காணாமப் போயிட்டு இருக்கு.

(நாமளும் யோக்கியம் இல்ல. நம்ம பக்கத்துப் புழுப்பாம்பு பூந்தொட்டி மண்ணுக்குள்ள ஒளிஞ்சே உலகம் சுத்திடுச்சு. நல்லவேளை, அது எறும்பு முட்டை, கரையானோட நிறுத்திக்குது.)

குவாம்ல இப்ப செத்த எலிக்குள்ள 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வச்சு ஹெலிகாப்டர்ல இருந்து போடறாங்க. நமக்கு ஜுர மாத்திரை, அதுக்கு எமன். வெளிய போற சரக்கை நாய் விட்டு மோந்து பார்த்துத்தான் ஏத்தறாங்க, அடுத்து ஹவாய்க்குப் போயிடக் கூடாதேன்னு. இந்தச் செலவெல்லாம் அரசாங்கக் கஜானால இருந்து. ஆலிவ் மரம் வித்தவன் கிட்டயும் வாங்கினவன் கிட்டயும் இதுல பாதியாவது வசூல் பண்ணிப் பாருங்க, அடுத்த லோடு பொந்துக்குள்ள அவனே டார்ச் அடிச்சுப் பார்ப்பான்.